மூல ஒலி நேரில் ஆஜராகவும்

கத்திரி குளியலறைக் கதவை முதுகில் சுமந்துகொண்டு மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தான்.

பின்னால் வந்தவர்களுக்கு ஒரு கதவு கால் முளைத்துத் தானாகவே மேலே போவதுபோலத் தெரிந்திருக்கும். துண்டு மாட்டும் கொக்கி ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைக் கீறியது. பதினொரு மணிக்குள் நாலாவது மாடியில் நிற்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் ‘சாட்சி தலைமறைவு’ என்று எழுதிவிடுவார்கள். இங்கே சாட்சி என்பது கத்திரி அல்ல. கதவு.

கீழே வாசலிலேயே பாதி நேரம் போய்விட்டது.

“யாரைப் பாக்கணும்?” என்று கேட்டார் காவலாளி.

“ஒலி மூல வாரியம். சம்மன் வந்திருக்கு.”

“உங்களுக்கா?”

“இதுக்கு.”

காவலாளி கதவை மேலும் கீழும் பார்த்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. “அப்ப நீங்க துணைக்கு வந்தவர். துணைக்கு வந்தவங்க அந்தப் பக்கம் வரிசையில நின்னு அனுமதிச் சீட்டு வாங்கணும். அவங்க நேரா போகலாம்.”

“அவங்களால நேரா போக முடியாதே சார். நான்தான் தூக்கணும்.”

“அது உங்க குடும்பப் பிரச்சினை.”

வரிசையில் நின்று சீட்டு வாங்கி வந்தால், லிஃப்டில் இருந்தவர் கையை நீட்டி மறித்தார். ஆட்கள் ஏறும் லிஃப்டில் கதவு ஏறக் கூடாது. சரக்கு லிஃப்டில் ஏற்றலாம் என்றால், சாட்சிகளைச் சரக்கோடு அனுப்புவது வாரியத்துக்கு மரியாதைக் குறைவு. அதனால்தான் படிக்கட்டு.

கத்திரி என்பது தொழில் வைத்த பெயர். கரண்டி விழுகிற சத்தம், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கிற சத்தம், சித்தப்பாவின் தும்மல், எது காதில் விழுந்தாலும் பதிவு செய்துகொள்வான். கம்ப்யூட்டரில் போட்டுப் பொடிப்பொடியாக வெட்டுவான். வெட்டிய துண்டுகளை இழுத்து, சுருக்கி, அடுக்கி, ஒட்டினால் பாட்டு. வாத்தியம் எதையும் அவன் தொட்டதே இல்லை. வீட்டில் வாத்தியம் எதற்கு, சித்தப்பா இருக்கும்போது.

அவன் மனைவி பல் டாக்டர். அவனுடைய முதல் ஆல்பம் ஊரையே ஆட்டிவைத்ததற்குக் காரணம் அவள்தான். அவளுக்கே தெரியாமல் காரணமானாள். ஒருநாள் கடைவாய்ப் பல் வலி என்று அவளுடைய கிளினிக்கில் போய் உட்கார்ந்தவன், சட்டைப்பையில் போனைப் பதிவில் போட்டுவிட்டான். வரிசையாக வந்த நோயாளிகளிடம் அவள் சொன்னதெல்லாம் அதில் விழுந்தது. “வாயைத் திறங்க. இன்னும் கொஞ்சம். நாக்கை ஒதுக்குங்க. துப்புங்க.” அந்தக் குரலைத் துண்டு போட்டு, ஏற்றி இறக்கி ஒரு மெட்டாக்கி, அடியில் பல் குடையும் மெஷினை ஓடவிட்டான். ‘வாயைத் திற’ என்று பெயர் வைத்தான். பஸ்ஸில், சலூனில், உடற்பயிற்சிக் கூடத்தில், எங்கே போனாலும் அந்தப் பாட்டு.

அதற்குப் பிறகு டாக்டரால் தொழில் செய்ய முடியவில்லை. அவள் “வாயைத் திறங்க” என்றால், கன்னம் வீங்கி வந்தவர்கூட “இன்னும் கொஞ்சம்” என்று ராகம் போட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வாய் நிறையப் பஞ்சோடு தோளைக் குலுக்கி ஆடினார். அன்றிலிருந்து அவள் நோயாளிகளிடம் பேசுவதையே விட்டாள். கையைக் குவித்து விரித்துக் காட்டுவாள். திற என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து கத்திரியிடம் மட்டும் பேசினாள்.

“இனிமே உன் பாட்டுல என் சத்தம் ஒரு துளி இருக்கக் கூடாது. பேச்சு, இருமல், சாவிக்கொத்து, செருப்பு, எதுவும். இருந்துச்சுன்னு தெரிஞ்சா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்.”

“சத்தியமா இருக்காதும்மா.”

“அந்தப் பாட்டையும் இந்த வீட்ல போடக் கூடாது. கேட்டாலே எனக்குப் பல்லு கூசுது.”

பல் டாக்டருக்கே பல் கூசுகிறது என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். அவள் வெறும் வாயால் மிரட்டுகிறவள் இல்லை. அண்ணன் வீட்டில் அவளுக்கென்று ஒரு டூத் பிரஷ் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது.

கத்திரி வாக்கைக் காப்பாற்றத்தான் பார்த்தான். இரண்டாவது ஆல்பத்துக்குச் சத்தம் தேடும்போது அவள் இருக்கும் திசையில் மைக்கை நீட்டவே இல்லை. ஒருநாள் காலையில் குளியலறைக் கதவின் ‘கிரீச்’ மட்டும் வேண்டியிருந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்த கதவு காற்றில் லேசாக ஆடியபோது பதிவு செய்தான். அதை ஆறாவது பாட்டின் நடுவே வைத்தான். வைத்துக் கேட்டபோதுதான் அந்தக் கிரீச்சுக்கு அடியில் மெல்லிசாக இன்னொன்று ஓடுவது தெரிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது டாக்டர்.

அதை எடுத்துப் பார்த்தான். பாட்டு செத்துவிட்டது. திரும்ப வைத்தான். எழுந்து உட்கார்ந்தது. மறுபடி எடுத்தான். மறுபடி செத்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே விட்டுவிட்டான். அது என்ன சத்தம் என்பது இப்போதைக்கு அவனுக்கு மட்டும் தெரிந்தால் போதும். அது தன்னுடையது என்பது டாக்டருக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.

அப்போதுதான் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டாவது ஆல்பத்தில் உள்ள எல்லாச் சத்தங்களும் அவற்றின் மூல வடிவில் நேரில் ஆஜராக வேண்டும்.

நாலாவது மாடி வராந்தாவில் கதவை இறக்கிவைத்தபோது கத்திரிக்கு மூச்சு இரைத்தது. இரண்டு பக்கமும் பெஞ்சு. ஒரு அம்மாள் வாஷிங் மெஷினைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒருவர் நாயோடு வந்திருந்தார். நாய் குரைக்க வேண்டும். அது வந்ததிலிருந்து எல்லோரையும் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

ஜன்னலோரம் குடையோடு ஒரு ஆள். கத்திரிக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

“நீங்க என்ன கொண்டுவந்திருக்கீங்க?” என்றான் கத்திரி.

“நான் கொண்டுவரல. காத்துக்கிட்டிருக்கேன். என் பாட்டுல மழைச் சத்தம் இருக்கு.”

“மழைக்குமா சம்மன்?”

“மூணு தடவை அனுப்பிட்டாங்க. போன வாரம் வந்துச்சு சார், நல்லா கொட்டுச்சு. உள்ள கூப்பிட்டு ஜன்னலைத் திறந்து காட்டினேன். இது அந்த மழை இல்ல, வேற மழைன்னுட்டாங்க. ஆள்மாறாட்டம்னு என்மேல ஒரு வழக்கு.”

“அப்புறம்?”

“அந்த மழையே வரட்டும்னு உக்காந்திருக்கேன்.” மழைக்காரர் குடையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டார். “உங்களுக்குப் பரவால்ல. கதவு. சொன்ன பேச்சு கேக்கும்.”

உள்ளே கூப்பிட்டார்கள்.

நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர். வலப்பக்கம் செயலர் அம்மாள். இடப்பக்கம் ஒலி நிபுணர். அவர் கழுத்தில் பெரிய ஹெட்போன் தொங்கியது. அதன் வயர் எதிலும் சொருகியிருக்கவில்லை. மூவர் காதிலும் பஞ்சு. சுவரில் ‘அமைதி’ என்று எழுதிய பலகை. அதற்கு நேர் மேலே ஏ.சி. லாரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

பணியாளர் ஒருவர் ஒரு வெள்ளித் தட்டை ஏந்திவந்தார். மூவரும் எழுந்து நின்று, தலைவர் முதலாக, காதிலிருந்த பஞ்சை எடுத்துத் தட்டில் வைத்தார்கள். தட்டு வெளியே போகும்வரை யாரும் உட்காரவில்லை.

“எதுக்குப் பஞ்சுன்னு நினைக்கிறீங்க?” என்றார் தலைவர்.

“தெரியல ஐயா.”

“நடுநிலைமை.” தலைவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “இந்த நாற்காலியில உக்காந்த நாள்லேருந்து நான் ஒரு பாட்டு கேட்டதில்ல. ஒண்ணே ஒண்ணு கேட்டாலும் பிடிச்சுப்போயிடும். பிடிச்சா சார்பு வந்துடும். அதனால இசையைப் பத்தி முடிவெடுக்கிற தகுதி இந்த ஊர்லயே எங்க மூணு பேருக்குத்தான் இருக்கு. வீட்ல பேரப்பிள்ளைங்க ரேடியோ போட்டாக்கூட நான் எந்திரிச்சு மொட்டை மாடிக்குப் போயிடுவேன்.”

“நான் குடும்பத்தோடவே பேசுறதில்ல,” என்றார் செயலர், போட்டிக்கு.

“நான் பதவியேற்பு உறுதிமொழியைக்கூட எழுதித்தான் கொடுத்தேன்,” என்றார் நிபுணர்.

கத்திரி கதவைச் சுவரில் சாய்த்து நிறுத்தினான். “சந்தோஷம் ஐயா. ஆனா என் முதல் ஆல்பத்துக்கு நீங்க யாரும் கூப்பிடவே இல்லையே.”

“முதல் ஆல்பம் விபத்து,” என்றார் தலைவர். “யாருக்கு வேணும்னாலும் நடக்கலாம். இரண்டாவது ஆல்பம் உள்நோக்கம். செயலர், விதியை வாசிங்க.”

செயலர் வாசித்தார். “இரண்டாவது ஆல்பத்தில் முதல் ஆல்பத்தின் சுவடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் அது சுயதிருட்டு. ஆல்பம் அழிக்கப்படும். ஆனால் இரண்டாவது ஆல்பம் முதல் ஆல்பத்தைப் போலவே இருக்க வேண்டும். இல்லையென்றால் அது நம்பிக்கைத் துரோகம். அதற்கும் ஆல்பம் அழிக்கப்படும்.”

கத்திரியின் கை அவனை அறியாமல் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. சுயதிருட்டு என்ற வார்த்தை அவனுக்குப் பிடிக்கவே இல்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

“முதல் ஆல்பத்தை நீங்க கேக்கவே இல்லையே ஐயா. சுவடு இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“அதனாலதான் பாரபட்சம் இல்லாம கண்டுபிடிக்க முடியுது,” என்றார் தலைவர்.

சில்லறைச் சாட்சிகள், சித்தப்பாவே கொண்டுபோன முந்தின விசாரணைகளில் முடிந்திருந்தன. கரண்டி திரும்பத் திரும்பக் கீழே போடப்பட்டு, ஒருவழியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஸ்கூட்டரை நாலு பேர் தூக்கிவந்து உதைத்தபோது, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரே உதையில் கிளம்பித் தொலைத்தது. பொய்ச் சாட்சி என்று எழுதி, அபராதம் போட்டு விட்டார்கள். சித்தப்பாவை மிளகுத்தூள் காட்டித் தும்ம வைத்தார்கள். மூல ஒலியில் இருந்த உணர்ச்சி இதில் இல்லை என்று நிபுணர் குறை சொன்னதும் சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் தினமும் கண்ணாடி முன் நின்று தும்மிப் பழகிக்கொண்டிருக்கிறார்.

இப்போது கதவின் முறை.

“சத்தம் போடச் சொல்லுங்க,” என்றார் தலைவர்.

“இது தனியா சத்தம் போடாது ஐயா. நிலையில மாட்டணும்.”

மூவரும் தலையைக் கூட்டிப் பேசினார்கள். முடிவு வந்தது. விசாரணை அறையின் சொந்தக் கதவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சாட்சியை மாட்டுவது. தச்சர்கள் வந்தார்கள். குளியலறைக் கதவு சிறியது என்பதால் நிலையை உடைத்துக் குறுக்கினார்கள். கழற்றிய தேக்குக் கதவை வைக்க இடமில்லை என்று அன்றைக்கே ஏலத்தில் விட்டார்கள். எல்லாம் முடிந்து, செயலர் பேனாவைத் திறந்து, தலைவர் கையசைத்து, கத்திரி கதவைத் தள்ளினான்.

சத்தமே இல்லை. வெண்ணெய் மாதிரித் திறந்தது.

“கஷ்டப்பட்டுத் திறந்துச்சு சார், அதான் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன்,” என்றார் பணியாளர், பாராட்டை எதிர்பார்த்து.

“சாட்சி பல்டி அடித்தது,” என்று செயலர் எழுதினார். “கீல் துருப்பிடிக்கும்வரை வாய்தா.”

வீட்டில் குளியலறைக்குக் கதவு இல்லை. போர்வையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். டாக்டர் காலையில் குளிக்கப் போவதற்கு முன் கூடத்தில் நின்று எல்லோரையும் ஒரு பார்வை பார்ப்பாள். கத்திரி எழுந்து தெருவுக்குப் போய்விடுவான். சித்தப்பா தும்மிக்கொண்டே பின்னால் வருவார்.

“கதவு எப்ப வரும்?” என்று கேட்டாள் டாக்டர்.

“துருப்பிடிச்சதும் வந்துடும்மா.”

“ஒரு கிரீச் சத்தத்துக்கு இவ்வளவு பாடா? அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற எதையாவது வைக்க வேண்டியதுதானே?”

கத்திரி போர்வையின் முடிச்சை இறுக்கினான். அவனுக்கு இன்னொரு கவலை. கதவு போனதிலிருந்து, காலையில் போர்வைக்குப் பின்னாலிருந்து தண்ணீர் சத்தத்தைத் தவிர வேறு எந்தச் சத்தமும் வரவில்லை. அது வராததும் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பணியாளர் தினமும் கீலுக்கு உப்புத் தண்ணீர் தெளித்ததில் கதவுக்குச் சீக்கிரமே பழைய குரல் திரும்பியது. அடுத்த விசாரணையில் பஞ்சு தட்டில் போனதும், கத்திரி கதவைத் தள்ளினான்.

கிரீச்.

அப்பழுக்கில்லாத கிரீச். செயலர் தலையாட்டினார். தலைவர் முத்திரையைக் கையில் எடுத்தார். கத்திரிக்கு உயிர் வந்தது.

“ஒரு நிமிஷம்,” என்றார் நிபுணர்.

அவர் அன்றைக்கு ஹெட்போனை எதிலோ சொருகிவிட்டிருந்தார். எதற்கும் ஒரு முதல் நாள் உண்டு. “ஆறாவது பாட்டுல இருக்கிற சத்தத்துலேருந்து, இப்ப கதவு போட்ட சத்தத்தைக் கழிச்சேன் ஐயா. மிச்சம் வருது.”

“மிச்சமா?”

“கதவுக்குச் சம்பந்தமில்லாத ஒரு மிச்சம்.”

ஒலிபெருக்கியில் போட்டார். ஏ.சி.யை நிறுத்தச் சொன்னார் தலைவர். அறையில் அப்படி ஒரு அமைதி அதுவரை இருந்ததில்லை.

தூரத்தில் தண்ணீர் விழுகிற மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு மெல்லிய இழை. வார்த்தை இல்லை. ஏறி, தயங்கி, கொஞ்சம் நின்று, நிதானமாக இறங்கியது. யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில் வருகிற சத்தம்.

தலைவரின் கால் மேசைக்கு அடியில் தாளம் போட ஆரம்பித்தது. செயலரின் பேனா நோட்டின் ஓரத்தில் தட்டியது. நிபுணரின் உதடு அசைந்தது. மூவரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“குழாய்ல காத்து,” என்றார் செயலர் அவசரமாக.

“புறாவா இருக்கும்,” என்றார் தலைவர்.

“ஐயா,” நிபுணர் ஹெட்போனைச் சரிசெய்தார். “இதை எங்கயோ கேட்ட மாதிரி…”

“எங்க கேட்டீங்க?” தலைவரின் குரல் இறங்கியது. “சொல்லுங்க. பதவியேத்ததுக்கு அப்புறமா, முன்னாடியா?”

“எங்கயும் கேக்கல ஐயா.”

“அப்ப இது அடையாளம் தெரியாத மூலம்.” தலைவர் கத்திரி பக்கம் திரும்பினார். “உங்க வீட்ல வேற யார் இருக்காங்க?”

“சித்தப்பா.”

“இது தும்மல் இல்ல. வேற?”

கத்திரி ஒரு அடி முன்னால் வந்தான். “ஐயா, ஆறாவது பாட்டையே எடுத்துடுறேன்.”

“விசாரணையில இருக்கிற பாட்டை எடுக்கிறது சாட்சியத்தை அழிக்கிறது. மூலத்தைச் சொல்லலைன்னா மொத்த ஆல்பமும் போகும்.”

“போகட்டும் ஐயா.”

சொல்லிவிட்டு அவனே திகைத்தான். இவ்வளவு மாத உழைப்பு. சித்தப்பாவின் சுயமரியாதை. எல்லாவற்றையும் போகட்டும் என்று சொல்லிவிட்டான். தலைவருக்கு அது பிடிக்கவில்லை. வாரியம் பறிக்க வேண்டியதை ஆளே கொடுத்துவிட்டால் வாரியம் எதற்கு?

“வீட்ல இருக்கிற இன்னொருத்தரை வரச் சொல்லுங்க,” என்றார்.

கிளினிக் அடுத்த தெருவில்தான். பணியாளர் போய் அழைத்துவந்துவிட்டார். டாக்டர் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தாள். தன் வீட்டுக் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு அரசாங்க அறைக்குள் நுழைவது ஒரு மாதிரியாகத்தான் இருந்திருக்கும். பழக்க தோஷத்தில் உள்ளே வந்ததும் தாழ்ப்பாள் போட்டாள்.

“பாதிப் பேஷன்டை நாற்காலியில விட்டுட்டு வந்திருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க.”

நிபுணர் மிச்சத்தைப் போட்டார்.

கத்திரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணீர் இரைச்சல். இழை. ஏறியது. தயங்கியது. நின்றது. இறங்கியது. அது முடிந்த பிறகு அவன் தலையை நிமிர்த்தினான்.

டாக்டர் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காது நுனிவரை சிவந்திருந்தது. கோபமா, வேறு ஏதாவதா, அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணன் வீட்டு டூத் பிரஷ் மட்டும் கண்முன் வந்து போனது.

“இது எதோட சத்தம்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றார் தலைவர்.

“தெரியும்.”

“எதோடது?”

“கதவோடது.”

நிபுணர் பொறுக்க முடியாமல் எழுந்தார். “மேடம், கதவு இப்படி ராகம் போடாது.”

“நீங்க இந்தக் கதவோட குடித்தனம் பண்ணியிருக்கீங்களா? நான் பண்ணியிருக்கேன். காலையில தண்ணி சத்தம் கேட்டா இது பாடும்.”

“அப்ப இப்ப பாடச் சொல்லுங்க.”

“இத்தனை பேர் முன்னாடி அதுக்குக் கூச்சம்.”

“நியாயம்,” என்றார் தலைவர்.

“ஐயா, இதுக்குத் தொண்டையே கிடையாது. தொண்டை இல்லாத ஒண்ணு…”

டாக்டர் மேசையைச் சுற்றிக்கொண்டு நிபுணரிடம் போனாள். கோட்டுப் பையிலிருந்து குட்டிக் கண்ணாடியை எடுத்தாள். “பேசும்போது இடது கன்னத்தைப் பிடிச்சுக்கிறீங்களே. எவ்வளவு நாளா வலி?”

“அது… ரொம்ப நாளா.”

டாக்டர் கையைக் குவித்தாள். விரிக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, கையை இறக்கிவிட்டு, ஊர் அறிந்த அந்தக் குரலில், மாதக்கணக்காக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

“வாயைத் திறங்க.”

தலைவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். செயலர் நோட்டுக்குள் முகத்தை விட்டுக்கொண்டார். பணியாளர் தட்டோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தட்டு நடுங்கியது.

நிபுணர் வாயைத் திறந்தார். டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டாள். வாய் திறந்திருக்கும் ஒருவரால் ஆட்சேபம் சொல்ல முடியாது.

“நிபுணர் ஆட்சேபிக்கவில்லை,” என்று எழுதினார் செயலர், குரல் கட்டுக்குள் வந்த பிறகு.

தலைவர் எழுந்தார். “மூல ஒலி அனைத்தும் கதவினுடையதே என்று வாரியம் ஒருமனதாக ஏற்கிறது. இந்த ஒலியை வாரியத்தில் யாரும் இதற்குமுன் எங்கும் கேட்டதில்லை என்பதையும் பதிவு செய்கிறது. இதை இரண்டு தடவை பதிவு செய்யவும். பாடும் கதவு கிடைப்பது அபூர்வம். ஆகவே இக்கதவு பாதுகாக்கப்பட்ட கலைஞர் என்று அறிவிக்கப்பட்டு, இந்த அறையிலேயே நிரந்தரமாக வைக்கப்படும். ஆல்பம் வெளியாகலாம்.”

முத்திரை விழுந்தது. பஞ்சுத் தட்டு திரும்பி வந்தது. கதவுக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். துண்டு மாட்டும் கொக்கியில் மாட்டினார்கள்.

வராந்தாவில் கத்திரி நாலடி பின்னால் நடந்தான். டாக்டர் மழைக்காரரின் பெஞ்சருகே நின்றாள். திரும்பவில்லை.

“நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்.”

கத்திரி ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றான். ஆல்பம் கைக்கு வந்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. “நான் வேணும்னு பண்ணலம்மா. எடுத்துப் பார்த்தேன். எடுத்தா பாட்டு நிக்கல.”

“அண்ணன் வீட்டு மாடியில ஒரு பழைய கதவு சும்மா கிடக்குது. நீயும் வா. தூக்க ஆள் வேணும். எத்தனை நாளைக்குப் போர்வையைக் கட்டிக்கிட்டுக் குளிக்கிறது?”

அவன் நம்பமுடியாமல் நின்றான். மழைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தப்பா நினைக்காதீங்க,” என்றார். “உள்ள போட்டது வெளிய நல்லாக் கேட்டுச்சு. இங்க எல்லாருமே கேட்டோம். இந்த நாய்கூட அப்பதான் முதல் தடவையா குரைச்சுது. உங்க கதவு பாடின மெட்டு…” அவர் சந்தேகத்தோடு தாடையைச் சொறிந்தார். “அது ‘வாயைத் திற’ பாட்டுதானே?”

கத்திரி மனைவியைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். மூடிய குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, மூன்று பேர் தனித்தனியாக, மற்றவருக்குக் கேட்காது என்ற நம்பிக்கையில், அதே மெட்டை முனகுவது வராந்தாவரை வந்தது. காதில் பஞ்சு இருந்தால் தன் குரல் வெளியே எவ்வளவு கேட்கிறது என்று தெரியாது.

டாக்டர் கொஞ்ச நேரம் அதைக் கேட்டாள். முகத்தைச் சுளித்தாள்.

“எல்லாரும் உன்னை மாதிரியே ரெண்டாவது வரியில தடுக்கி விழுறாங்க பாரு,” என்றாள். “‘இன்னும் கொஞ்சம்’ங்கிற இடத்துல மூச்சு விடவே இடமில்லாம வெட்டி வச்சிருக்க. கதவு இருந்தவரைக்கும் தினம் காலையில குளிக்கும்போது அதைத்தான் சரி பண்ணிக்கிட்டிருந்தேன்.”